தாமரை நூல் துணி, பெரிய பிராண்டு, எங்க தறிக்காரங்க: ரங்கூன் கடையில அடிக்கடி கேக்குற கேள்விங்க

சென்னை, பினாங்கு, சிங்கப்பூர்னு சொந்தக்காரங்க, சொந்தக்காரங்களோட ஃப்ரெண்டுங்க, யாரோ நம்பர் கொடுத்தாங்கன்னு வாட்ஸ்அப்ல வர்றவங்க, எல்லாரும் கேக்குறது சுத்திச் சுத்தி இதேதான். நான் போஜோ மார்க்கெட்ல துணிக்கடை வச்சிருக்கேன், நம்ம பெரியவங்களுக்கு ஸ்காட் மார்க்கெட்னு சொன்னாத்தான் தெரியும், 1926ல கட்டினது. தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு தொண்டை கட்டிப்போச்சு, அதான் ஒரே இடத்துல எழுதிட்டேன்.

தாமரைத் தண்டுல நூலா? கதை விடுறீங்களா அண்ணே?

நெஜம்தான். பூஜைக் கடையில தாமரைத்தண்டு திரி வாங்கி லட்சுமி விளக்குக்குப் போடுறீங்கல்ல, அந்தத் தண்டுக்குள்ள இருக்கிற நாருதான் விஷயம். தண்டை ஒடிச்சு மெதுவா இழுத்தா சிலந்தி நூல் மாதிரி மெல்லிசா வரும், ஷான் மாநிலத்துல இன்லே ஏரியில இருக்கிற இந்தா ஜனங்க அதைத் துணியாவே நெஞ்சுட்டாங்க.

படகுல போய் தண்டு அறுத்துட்டு வருவாங்க. அஞ்சாறு தண்டை ஒண்ணா பிடிச்சு கத்தியால சுத்தி லேசா ஒரு கீறல் போட்டு, ஒடிச்சு, முறுக்கி இழுத்தா உள்ள இருக்கிற நாரெல்லாம் நீண்டு வரும், அதை ஈரப்பலகை மேல வச்சு உள்ளங்கையால உருட்டினா ஒரு இழை. அடுத்த அஞ்சு தண்டோட நாரை அதோட நுனி மேல வச்சு மறுபடி உருட்டணும், அப்படியே நீட்டிக்கிட்டே போகணும். இதுக்கு மெஷினே கிடையாது. தண்டு காஞ்சா நாரு அறுந்துடும், அதனால அறுத்த தண்டை நாளைக்குப் பாத்துக்கலாம்னு போட்டு வைக்க முடியாது. அப்புறம் அரிசிக் கஞ்சி போட்டு, பாவு (நீளவாட்டு நூல்) ஓட்டி, தறியில ஏத்தினதுக்கு அப்புறமும் தண்ணி தெளிச்சு ஈரமா வச்சுக்கிட்டேதான் நெய்யணும்.

இது ஆயிரம் வருஷப் பாரம்பரியம்னு சில கடையில சொல்லுவாங்க, நம்பாதீங்க. ஏறக்குறைய நூறு வருஷம்தான் ஆகுது. சைங்கான் கிராமத்துல சா ஊனு ஒரு அம்மா, அவங்க ஊரு மடத்துப் பெரிய பொங்கிக்கு, அதாவது புத்த பிக்குவுக்கு, சாத்த தாமரை நூல்லயே ஒரு அங்கி நெஞ்சு கொடுத்தாங்க, அங்க ஆரம்பிச்சதுதான் இதெல்லாம். நூறு வருஷமே போதாதா, எதுக்கு கூட்டிச் சொல்லணும்னு எனக்குத் தோணும், ஆனா டூரிஸ்டுக்கு ராஜா ராணி காலத்துக் கதை இருந்தாத்தான் பிடிக்குது.

நீங்க தமிழாளு, இந்தத் துணிக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?

வாங்கி விக்கிற சம்பந்தம்தான். தாத்தா மெட்ராஸ் லுங்கியும் கைக்குட்டையும் வித்தாரு, 1964ல கடைங்களை அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப பாதிப் பேரு கப்பல் ஏறிட்டாங்க, எங்க குடும்பம் ஏறலை. பர்மாவுல தமிழாளுன்னா எல்லாரும் செட்டியார் வட்டிக்கடைன்னே நினைக்கிறாங்க, எங்க வீட்ல கடன் கொடுத்ததை விட வாங்கினதுதான் அதிகம்.

ஒரு துண்டுக்கு இவ்வளவு விலையா? பட்டுப்புடவையே வாங்கிடலாமே?

தாராளமா வாங்குங்க, பட்டும் நல்ல துணிதான். ஆனா கணக்கைப் பாருங்க. பட்டுக்கு நூலை சீனாவுல இருந்தோ வேற எங்க இருந்தோ கிலோவா வாங்கிடலாம், தாமரைக்கு நூலே கையில உருட்டிச் செய்யணும். ஒரு சின்ன துண்டுக்கே ஆயிரக்கணக்குல தண்டு வேணும், ஒரு பொங்கிக்கு முழு அங்கின்னா லட்சத்தைத் தாண்டும். தறியில உக்காந்திருக்கிற ஒரு அக்காவுக்கு நூல் தீராம இருக்கணும்னா பின்னாடி ஒரு கூட்டமே உக்காந்து உருட்டணும். விலையில பெரும்பங்கு அந்த உருட்டுற கூலிதான், நான் வைக்கிற லாபம் அதுக்கு மேல, அது இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன்.

இத்தாலிக்காரன் பெரிய பிராண்டு இந்தத் துணியை வாங்குறானாமே, அப்ப நெசவாளிங்க எல்லாம் பெரிய ஆளு ஆயிட்டாங்களா?

எல்லாரும் கேக்குற கேள்வி இதுதான், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். அந்த பிராண்டு லோரோ பியானா. 1924ல ஆரம்பிச்ச இத்தாலிக் கம்பெனி, காஷ்மீர் கம்பளிக்குப் பேர் போனது. 2010 வாக்குல இன்லே தாமரைத் துணியை எடுத்து ஆம்பளைங்க கோட்டு தைச்சு வித்தாங்க, அப்ப பேப்பர்ல வந்த விலை ஏறக்குறைய 5,600 டாலர். 2013ல லூயி விட்டானையும் வச்சிருக்கிற எல்விஎம்ஹெச் குரூப்பு அதோட 80 சதவீதத்தை 200 கோடி யூரோவுக்கு வாங்கிடுச்சு.

நல்லது நடந்துச்சான்னா, நடந்துச்சு. உலகத்துல நாலு பேருக்கு இன்லே ஏரின்னு ஒண்ணு இருக்கு, தாமரையில துணி வருதுன்னு தெரிஞ்சுது, அதைச் சொல்லி ஸ்கார்ஃப் வித்த கடை எவ்வளவோ இருக்கு, என் கடையும் அதுல ஒண்ணு. ஆனா இன்லேல தறி போட்டிருக்கிறவங்க எல்லாரும் அவனுக்கு நெய்யலை, அவனுக்கு வேண்டியதே கொஞ்சம் துணிதான். வருஷத்துக்கு கொஞ்சூண்டு எடுத்துட்டு, உலகத்துலயே அரிய துணின்னு விக்கிறதுதான் அவன் வியாபாரம். நிறைய எடுத்தா அரியதுன்னு சொல்ல முடியாதே! இதை வில்லத்தனம்னு நான் சொல்லலை, அந்தத் தொழிலோட கணக்கு அப்படி, ஆனா அந்தக் கணக்குல ஒரு ஊரே பிழைக்கும்னு யாராவது சொன்னா எனக்கு சிரிப்பு வரும்.

இதே கம்பெனி பெரு நாட்டுல விகுனாங்கிற மிருகத்தோட ரோமம் வாங்குது. 2024 மார்ச்ல ப்ளூம்பெர்க்ல வந்த செய்தி, ஒரு விகுனா ஸ்வெட்டர் 9,000 டாலர், அதுக்கு வேண்டிய ரோமத்துக்கு லுகானாஸ்ங்கிற மலையூரு ஜனங்களுக்குப் போறது 280 டாலர் அளவுக்குத்தான்னு. அந்த மிருகத்தைப் பாதுகாக்க 2008ல பெருவுல காப்புக்காடெல்லாம் வச்ச கம்பெனிதான், அதையும் சொல்லணும்ல. அப்புறம் 2025 ஜூலையில, சப் கான்ட்ராக்டருங்க கிட்ட தொழிலாளிங்களைச் சுரண்டுறதைக் கவனிக்காம விட்டாங்கன்னு மிலான் கோர்ட்டு ஒரு வருஷத்துக்கு கண்காணிப்புக்கு ஆளு போட்டுச்சு. தெரிஞ்ச உடனே அந்த சப்ளையரை நிறுத்திட்டோம்னு கம்பெனி சொல்லிச்சு. டியோர் கம்பெனியோட ஒரு யூனிட்டுக்கும் 2024 ஜூன்ல அங்கேயே இதே கதைதான், 2,600 யூரோவுக்கு விக்கிற பைக்கு, தோல் விலை சேக்காம, தைச்சுக் கொடுத்த பட்டறைக்கு 53 யூரோ கொடுத்ததா கோர்ட்டு பேப்பர்ல இருந்துச்சு.

பர்மாவுலதான் ஏழைங்களை ஏமாத்துறாங்கன்னு நினைக்காதீங்கன்னு சொல்லத்தான் இதெல்லாம். மிலானுக்குப் பக்கத்துலயே அப்படின்னா, படகுல போய்ச் சேர வேண்டிய ஊருல பேரம் பேச யாரு இருக்கா.

அப்ப பெரிய பிராண்டே வேணாம்ங்கிறீங்களா?

அப்படி எங்க சொன்னேன்? நல்லா நடத்துறவங்களும் இருக்காங்க. பாரிஸ்ல ஷனேல் 1985ல பட்டன் செய்யுற டெரூனு ஒரு பட்டறையை வாங்கினாங்க, 2002ல லெசாஜ்ங்கிற எம்ப்ராய்டரி வீட்டை வாங்கினாங்க, இப்ப இதெல்லாத்துக்கும் சேத்து பெரிய கட்டடமே கட்டி வச்சிருக்காங்க. முதலாளிக்கு வயசாகி பட்டறை மூடப்போற நேரத்துல போய் வாங்கினதுதான் நிறைய, அதுங்க மத்த கம்பெனிக்கும் வேலை செஞ்சு கொடுக்கலாம். ஹெர்மெஸ் 2021ல தோல் வேலைக்குச் சொந்தப் பள்ளிக்கூடமே ஆரம்பிச்சாங்க, அரசாங்கம் ஒத்துக்கிற சர்டிஃபிகேட் கிடைக்குது, கத்துக்கிறப்பவே சம்பளம் வருது.

என்ன வித்தியாசம்னா ஷனேலுக்கு வருஷம் முழுக்க ஒவ்வொரு கலெக்‌ஷனுக்கும் அந்தப் பட்டன் வேணும். பட்டறை மூடினா அவங்களுக்கே கஷ்டம், அதனால காப்பாத்துறாங்க. எங்க தாமரைத் துணி நின்னு போச்சுன்னா இத்தாலிக்காரனுக்கு என்ன கஷ்டம், கேட்லாக்ல ஒரு பக்கம் குறையும், அவ்வளவுதான். இல்லாம முடியாதுன்னு நிக்கிற கஸ்டமர் யாரோ அவங்களைப் பிடிச்சுத்தான் கைத்தொழில் நிக்கும், பணக்காரக் கஸ்டமரைப் பிடிச்சு நிக்காது. கடையில உக்காந்து பாத்துப் பாத்து எனக்குத் தெரிஞ்சது இதுதான், எக்னாமிக்ஸ் எல்லாம் படிக்கலை.

சரி, அந்த இல்லாம முடியாத கஸ்டமர் பர்மாவுல யாரு?

சாமிதான், சிரிக்காதீங்க.

மழைக்கால விரதம் முடிஞ்சு தடிஞ்சுட் பௌர்ணமியில இருந்து தசாங்மோன் பௌர்ணமி வரைக்கும் ஒரு மாசம் கதின் காலம், நம்ம கணக்குல ஐப்பசி கார்த்திகை. அப்ப நாடு முழுக்க பொங்கிங்களுக்கு அங்கி கொடுப்பாங்க, ஏழையும் கொடுப்பான் பணக்காரனும் கொடுப்பான், இந்த வருஷம் வேணாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போட மாட்டாங்க. ரங்கூன் ஷ்வேடகோன் பகோடாவுல தசாங்மோன் பௌர்ணமிக்கு முன்ராத்திரி மத்தோ திங்கான்னு பொண்ணுங்க வரிசையா தறியில உக்காந்து விடிய விடிய அங்கி நெஞ்சு, விடியறதுக்குள்ள முடிச்சு சாமிக்குச் சாத்துவாங்க, போட்டி மாதிரி நடக்கும். நம்ம கோயிலுக்குப் போற ஆளுங்களும் போய் நின்னு பாப்பாங்க. தாமரைத் துணியே பொங்கி அங்கியா பொறந்ததுதானே, அந்த ஆர்டர் இன்னும் வருது, பிறந்தநாளுக்கு, செத்தவங்க பேருக்குப் புண்ணியம் சேர, பையன் நல்லபடியா வெளிநாடு போய்ச் சேரணும்னு.

மாண்டலேல தங்கத் தகடு அடிக்கிறவங்களைப் பாருங்க. மூங்கில்ல செஞ்ச பேப்பருக்கு நடுவுல தங்கத்தை வச்சு சுத்தியலால மணிக்கணக்கா அடிப்பாங்க, நேரம் பாக்க கடிகாரம் இல்லாம, ஓட்டை போட்ட தேங்காச் சிரட்டை தண்ணியில முங்குறதை வச்சுக் கணக்குப் பண்றது இன்னமும் உண்டு. அந்தத் தகடை எந்த பிராண்டு வாங்குது? மகாமுனி கோயில்ல ஆம்பளைங்க வரிசையில நின்னு புத்தர் மேல ஒட்டுறாங்க. இன்லேலயே பவுங்டோவூ கோயில்ல அஞ்சு புத்தர் சிலை, ஒட்டி ஒட்டி முகம் கையி எதுவும் தெரியாம உருண்டையா ஆயிடுச்சு. ஒரு நாளைக்கு ஒருத்தன் ஒட்டுறது சின்னதா ஒரு சதுரம், விலை பெருசில்ல, ஆனா நாளைக்கும் வருவான், அவன் பொண்டாட்டி காசு கொடுத்து அனுப்புவா, அவன் மகனும் வருவான்.

சாமிக்கு அடுத்தது கல்யாணமும் பட்டமளிப்பும். அமரபுராவுல நெய்யுற லுன்டயா அச்செய், நூறு நாடா (குறுக்கு நூல் ஓட்டுற ஓடம்) வச்சு அலை அலையா டிசைன் போடுறது, அதுல ஒரு தமெயின் (பொண்ணுங்க கட்டுற லுங்கி) கட்டாம பர்மாக்காரப் பொண்ணு கல்யாண மேடை ஏறுறது அபூர்வம். நம்ம வீட்ல காஞ்சிபுரம் இல்லாம முகூர்த்தமா, அதே மாதிரிதான்.

இன்னொண்ணு, இன்லேல தறி வச்சிருக்கிறவங்க தாமரையை மட்டும் நம்பி இல்லை. சின்மேன்னு நூலைக் கட்டிக் கட்டிச் சாயம் போட்டு நெய்யுற பட்டு லோஞ்சி (பர்மா லுங்கி), பருத்தி, எல்லாம் அதே பட்டறையில ஓடுது. வீட்டுச் செலவு லோஞ்சியில ஓடுது, போட்டோ எடுக்கத்தான் தாமரை.

இப்ப அங்க நிலைமை எப்படி இருக்கு? தொழில் ஓடுதா?

கஷ்டம்தான். 2021ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதுக்கு அப்புறம் டூரிஸ்ட் வரத்து விழுந்துபோச்சு, டூரிஸ்டை மட்டும் நம்பின பட்டறைங்கதான் மொதல்ல மூடினது. டாலருக்கு அரசாங்கக் கணக்கு 2,100 சாட், வெளியில 4,000த்தைத் தாண்டிப் போச்சு, பட்டு நூல் வாங்குறவன் வெளி விலைக்கு வாங்கணும், எக்ஸ்போர்ட் பண்ணி டாலர் வந்தா ஒரு பங்கை அரசாங்க ரேட்டுக்கு மாத்தச் சொன்னாங்க, சின்ன ஆளு எப்படித் தாங்குவான். 2024ல யாகி புயல் வெள்ளம் ஏரியைச் சுத்தி நாசம் பண்ணிச்சு, அது ஆறுறதுக்குள்ள 2025 மார்ச் 28ல 7.7 பூகம்பம், தண்ணிக்குள்ள கம்பு நட்டுக் கட்டின வீடுங்க அப்படியே சரிஞ்சு ஏரியில விழுந்துச்சு, தறியும் சேந்து. மாண்டலே அமரபுரா பக்கமும் பெரிய அடி.

எல்லாத்தையும் விட எனக்குக் கவலை ஆளு இல்லாததுதான். ராணுவச் சேவைச் சட்டத்தை 2024 பிப்ரவரியில அமலுக்குக் கொண்டு வர்றோம்னு சொன்ன நாள்ல இருந்து இளவட்டங்க தாய்லாந்துக்குப் போயிட்டே இருக்காங்க, பொண்ணுங்களும்தான். வீடு இடிஞ்சா கட்டிக்கலாம், நார் உருட்டத் தெரிஞ்ச கையி பாங்காக்ல ஹோட்டல் பாத்திரம் கழுவப் போயிட்டா திரும்பி வருமா? கத்துக் கொடுக்க இடம் இல்லாமலும் இல்லை, அமரபுராவுல சாண்டர்ஸ் நெசவுப் பள்ளி 1914ல இருந்து இருக்கு, பகான்ல அரக்கு வேலைப் பள்ளி 1924ல இருந்து இருக்கு. படிச்சு முடிச்சு வர்ற பிள்ளைக்கு மாசம் என்ன கிடைக்கும்ங்கிறதுதான் கேள்வி.

ஜிஐ (புவிசார் குறியீடு) முத்திரை வாங்கிட்டா காப்பாத்திடலாமே?

பேரைக் காப்பாத்தும். கோலாப்பூர் செருப்புக்கு 2019லயே இந்தியாவுல ஜிஐ கொடுத்தாச்சு. 2025 ஜூன்ல பிராடா மிலான் ஷோவுல அதே மாதிரி செருப்பைப் போட்டு நடந்தாங்க, கோலாப்பூர்ங்கிற பேச்சே எடுக்கலை. சண்டை வந்த அப்புறம்தான் ஆமா அங்க இருந்துதான் எடுத்தோம்னு ஒத்துக்கிட்டாங்க. இந்தியாவுல கொடுத்த ஜிஐ இத்தாலியில செல்லாது, அதோட அது பாதுகாக்குறது பேரைத்தான், டிசைனை எவன் வேணா போட்டுக்கலாம். எங்களுக்கு ஆபத்து மிலான்ல இருந்து கூட வரலை, அச்செய் டிசைனை மெஷின்ல அடிச்சு சீனாவுல இருந்து வர்ற மலிவுத் துணியில இருந்துதான் வருது, தூரத்துல நின்னு பாத்தா எனக்கே சட்டுனு பிடிபடாது.

ஒரிஜினல் தாமரைத் துணின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மொதல்ல பளபளன்னு இருந்தா அது தாமரை இல்லை. தாமரைக்குப் பட்டு மினுமினுப்பு வராது, சணலும் பருத்தியும் கலந்த மாதிரி மங்கலா, லேசா மஞ்சள் ஓடின வெள்ளையில இருக்கும். வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, இழை ஒரு இடத்துல தடிமனா ஒரு இடத்துல மெல்லிசா இருக்கும், உருட்டிச் சேத்த இடம் குட்டி முடிச்சு மாதிரி தெரியும். ஒரே சீரா இருந்தா சந்தேகப்படுங்க. ஓரத்துல ஒரு நூல் பிரிச்சுக் கொளுத்தினா பேப்பர் எரியுற வாசம் வரணும், முடி கருகுற நாத்தம் வந்தா பட்டு. ஆனா பருத்தியும் பேப்பர் வாசம்தான் கொடுக்கும், அதனால கொளுத்திப் பாக்குறது மட்டும் போதாது.

கலப்பு தப்பில்லைங்க. பாவு பட்டு, ஊடை (குறுக்கு நூல்) தாமரைன்னு நெய்யுறது சகஜம், விலையும் இறங்கும், தோள்ல போட்டா நல்லா விழும். கலப்புன்னு சொல்லி விக்கணும், அவ்வளவுதான். முழுத் தாமரை மலிவா தர்றேன்னு எவனாவது சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

மாணிக்கம் வாங்கலாமா, பர்மா சிவப்புதானே பெஸ்ட்டு?

நான் கல்லு விக்கிறதில்லை. மொகோக்ங்கிற ஊரு மாணிக்கத்துக்கு மவுசு உண்டு, 2015ல 25.59 காரட் பர்மா மாணிக்கம் வச்ச, கார்த்தியேங்கிற பிரெஞ்சு நகைக் கம்பெனியோட மோதிரம் ஜெனிவா ஏலத்துல 3 கோடி டாலர்க்குப் போச்சு, அதே கம்பெனி 2017 டிசம்பர்ல பர்மாக் கல்லு இனிமே வாங்க மாட்டோம்னும் சொல்லிடுச்சு. 2021ல இருந்து அரசாங்க ரத்தினக் கம்பெனி மேல அமெரிக்கத் தடையும் இருக்கு. ரசீது இல்லாத கல்லை வாங்கிட்டு ஏர்போர்ட்ல நின்னுட்டு எனக்கு போன் போடாதீங்க.

தாமரையில புடவை கிடைக்குமா? கல்யாணத்துக்கு வேணும்.

முழுத் தாமரையில அஞ்சரை மீட்டர்னா விலை கேட்டு நீங்களே வேணாம்னுடுவீங்க, கட்டினா விறைப்பா கூடாரம் மாதிரி நிக்கும், கொசுவம் படியாது. அங்கவஸ்திரம் வாங்குங்க. அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம்னு ஒரு அக்கா கோலாலம்பூர்ல இருந்து வந்து தாமரை அங்கவஸ்திரம் எடுத்துட்டுப் போனாங்க, ஜரிகை வேணும்னாங்க, வேணாம்கா அந்த நிறத்துக்கு ஜரிகை எடுபடாதுன்னு சொல்லி வெறுமனே கொடுத்தேன். கோயில்ல அம்பாளுக்குச் சாத்தணும்னு கேக்குறவங்களும் இருக்காங்க, பட்டு கலந்த சின்ன துண்டு அதுக்குப் போதும்.

பேரம் பேசலாமா?

என்கிட்ட பேசுங்க, நான் வியாபாரி, பேசலேன்னாத்தான் ஒரு மாதிரி இருக்கும். இன்லே போனா, பட்டறையில நார் உருட்டுற அம்மாகிட்ட நேரா வாங்குறப்ப பேசாதீங்க. அவங்க சொல்ற விலையில குறைக்க இருக்கிறது அவங்க கூலி மட்டும்தான்.

துவைக்கிறது எப்படி?

பச்சைத் தண்ணியில கையால அலசி நிழல்ல போடுங்க. பிழியாதீங்க, வாஷிங் மெஷின் வேணவே வேணாம்.

எப்ப ஆர்டர் கொடுத்தா எப்ப கிடைக்கும்?

மழைக்காலத்துத் தண்டுதான் நல்ல நாரு கொடுக்கும், ஏரியில தண்ணி இறங்கிட்டா நூல் வரத்து குறைஞ்சுடும். தீபாவளிக்கு வேணும்னு புரட்டாசியில போன் பண்ணாதீங்க, அப்பதான் கதின் ஆர்டர் எல்லாத் தறியிலயும் ஏறி இருக்கும், எத்தனை டாலர் கொடுக்கிறேன்னாலும் மடத்து அங்கியை இறக்கிட்டு உங்க ஸ்கார்ஃபை ஏத்த மாட்டாங்க, நானும் கேக்க மாட்டேன். பொங்கல் முடிஞ்சு சொல்லி வைங்க, பாதிப் பணம் முன்னாடி, அது நூலுக்குப் போகும். மீதி துணி கைக்கு வந்தப்புறம் கொடுத்தாப் போதும். டெலிவரி தேதி மட்டும் கேக்காதீங்க, இன்லே பக்கத்து ஏர்போர்ட்டு ஹேஹோல இருந்து ஃபிளைட்டு எப்ப கிளம்பும்னு பைலட்டுக்கே தெரியாது.